அத்தை, இரண்டு வாண்டுகள், 11 நாள் ஜப்பான்

ஜப்பான் போய் வந்ததிலிருந்து வாரம் ஒரு முறையாவது சொந்தத்தில் யாராவது போன் பண்ணி, "எங்கெங்க போனீங்க, லிஸ்ட் அனுப்பு" என்று கேட்கிறார்கள். லிஸ்ட் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பார்க்கும் இடங்களை அப்புறம் முடிவு செய்யலாம், முதலில் எல்லோருடைய காலுக்கும் வயிற்றுக்கும் வழி பண்ணுங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் சும்மா ரயிலில் சுற்றினாலே ஊர் நன்றாக இருக்கும், இரண்டில் ஒன்று சொதப்பினால் கியோட்டோ தங்கக் கோவில் முன்னாலேயே சண்டை வரும். எங்களுக்கு வந்தது.

நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், முட்டை கூடத் தொடாத 71 வயது அத்தை, 9 வயதுப் பையன், 5 வயதுப் பெண். டோக்கியோவில் ஆறு இரவு, கியோட்டோவில் மூன்று, ஒசாகாவில் ஒன்று.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறையில் போவதென்றால் தேதியில்தான் முதல் கவனம் வேண்டும். ஏப்ரல் 29இல் தொடங்கி மே 5 வரை அங்கே கோல்டன் வீக், வரிசையாக அரசு விடுமுறைகள், பாதி நாடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். ரயிலில் சீட்டு கிடைக்காது, ஹோட்டல் விலை தலைக்கு மேல் போகும். செர்ரிப் பூ பார்க்க வேண்டும் என்றால் டோக்கியோவில் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம், அப்போது நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பூவை விட்டுவிடுங்கள். நாங்கள் மே 8 போய் இறங்கினோம், பகலில் 23, 24 டிகிரி, வியர்வை இல்லை, ஸ்வெட்டரும் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஜூன் வந்தால் மழைக்காலம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுலாவுக்கு இ-விசா வந்துவிட்டது, பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள். இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த விசா அறிவிப்பை விமான நிலையத்தில் இணையத்தோடு போனில் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டோ பிரிண்ட் எடுத்த தாளோ செல்லாது என்பது அவர்களுடைய விதி. அதனால் இ-சிம்மை இங்கேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். விசிட் ஜப்பான் வெப் என்ற அரசுத் தளத்தில் எல்லோருடைய விவரத்தையும் முன்னாலேயே பதிந்து க்யூஆர் கோடு எடுத்து வைத்தால், தூங்கி விழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிவம் நிரப்பும் வேலை மிச்சம்.

பெட்டியில் என்ன வைக்கலாம், என்ன கூடாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு எல்லாம் கொண்டு போனோம், ஒன்றும் ஆகவில்லை. இறைச்சி கலந்த எதையும் எடுத்துப் போகாதீர்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம் மாதிரியானவற்றுக்கும் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி கிடையாது. மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாகப் போடும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும், அதற்கு அங்கே கடும் கட்டுப்பாடு உண்டு, அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வையுங்கள். அப்புறம், எலெக்ட்ரிக் குக்கரை எடுத்துப் போகாதீர்கள். நான் எடுத்துப் போனேன். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் குக்கர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. சொருகினேன், விளக்கு எரிந்தது, முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் அங்கே வாங்கின அரிசி வெதுவெதுப்பான தண்ணீரில் சுகமாக ஊறிக்கொண்டிருந்தது. வோல்ட் பாதிக்கும் கீழே இறங்கினால் சூடு ஐந்தில் ஒரு பங்குதான் வரும் என்று பக்கத்தில் நின்றுகொண்டு கணக்குச் சொன்ன வீட்டுக்காரர் அதைக் கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம். போன் சார்ஜர் பிரச்சினை இல்லை, தட்டையான இரண்டு கால் பின் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் டோக்கியோவில் யமனோத்தே லைன் ஸ்டேஷன் ஏதாவது ஒன்றிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். அது ஊரை வட்டமாகச் சுற்றி வரும் ரயில், 30 ஸ்டேஷன், ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழி தவறினால்கூடச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். நாங்கள் உயேனோவில் தங்கினோம். நரிதா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் நேராக அங்கே வருகிறது, ஷின்ஜுகு, ஷிபுயா பகுதிகளைவிட அறை வாடகையும் குறைவு. ஒரு எச்சரிக்கை: ஹோட்டல் அறை என்றால் நம் மனதில் வரும் அளவில் பாதியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து போட்டால் நடக்க இடம் இருக்காது. ஐந்து பேருக்குச் சமையலறையோடு வரும் அபார்ட்மென்ட் ஹோட்டல் பாருங்கள், அத்தை மாதிரி ஒருவர் கூட வந்தால் அது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

கழிப்பறைக் கவலை நம்மவர்களுக்கு எந்த வெளிநாடு போனாலும் உண்டு, வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். ஜப்பானில் அந்தக் கவலையே வேண்டாம். ஹோட்டலில் மட்டுமில்லை, கடைத்தெருவிலும் பல ஸ்டேஷன்களிலும் தண்ணீர் பீச்சும் கழிப்பறைதான், இருக்கையும் சூடாக இருக்கும். சுவரில் பத்து பொத்தான் இருக்கும், முதலில் நிறுத்தும் பொத்தான் எது என்று தெரிந்துகொண்டு மற்றதைத் தொடுங்கள். என் பையன் உட்காராமலே நின்றுகொண்டு அமுக்கிப் பார்த்து, எதிர்ச் சுவர் வரை நனைத்தான். கை துடைக்கக் காகிதம் பல இடங்களில் இருக்காது, ஆளுக்கொரு சின்னத் துண்டு பையில் வேண்டும். குப்பைத் தொட்டியும் தெருவில் பார்க்க முடியாது. 1995இல் டோக்கியோ மெட்ரோவில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடத் தொட்டிகள் நிறைய எடுக்கப்பட்டன. ஒரு பிளாஸ்டிக் பை வைத்துக்கொண்டு ராத்திரி அறைக்கு வந்துதான் கொட்டினோம்.

ரயில் விஷயத்துக்கு வருவோம். இறங்கியவுடன் சுய்கா அல்லது பாஸ்மோ கார்டு வாங்குங்கள், பணம் ஏற்றித் தட்டித் தட்டிப் போகலாம், கடையிலும் தட்டலாம். 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம், அதற்குக் குழந்தைக் கார்டு தனியாக வேண்டும், கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் தருவார்கள். 6 வயதுக்குக் கீழே பெரியவர்களோடு வந்தால் இலவசம். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ரயிலில் ஏறாதீர்கள், அது வேலைக்குப் போகிறவர்களின் நேரம், குழந்தையின் மூக்கு யாராவது ஒருவருடைய கோட்டில் அழுந்திக்கொண்டே வரும். ஆனால் எட்டு மணிக்கு ஏதாவது ஒரு ஸ்டேஷன் வாசலில் ஒரு காபியோடு நின்று வேடிக்கை பாருங்கள். பெட்டி மாதிரி கெட்டியான தோல் பையை முதுகில் மாட்டிய ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் துணைக்கு யாரும் இல்லாமல் தனியாகக் கார்டைத் தட்டிவிட்டு ரயில் ஏறுவார்கள். அதைப் பார்த்த பிறகு என் பையன் என் கையைப் பிடிக்க மறுத்துவிட்டான்.

ஜேஆர் ரயில்களில் இஷ்டம்போலச் சுற்ற விடும் ஜேஆர் பாஸ் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஏறக்குறைய 14,000 யென். போக வர என்று கூட்டினாலும் பாஸ் விலை வரவில்லை, நாங்கள் வாங்கவில்லை. அதிலேயே வேகமான நொசோமி ரயிலில் இரண்டே கால் மணி நேரம். ஒரு வரிசையில் அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் இரண்டு என ஐந்து சீட், எங்கள் குடும்பத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி. சின்னவளை மடியில் வைத்தால் காசில்லை, தனிச் சீட் என்றால் பாதிக் கட்டணம், கொடுத்துவிடுங்கள், இரண்டே கால் மணி நேரம் மடி தாங்காது. டோக்கியோவிலிருந்து போகும்போது ஈ எழுத்துச் சீட் ஃபூஜி மலைப் பக்கம், கிளம்பி முக்கால் மணி நேரத்தில் வலது ஜன்னலைப் பாருங்கள். எங்களுக்கு மேகம்.

பெரிய பெட்டிகளை ரயிலில் இழுக்கவே வேண்டாம். நீள அகல உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் இந்த ஷின்கான்சென்னில் அதற்கென்று தனிச் சீட் முன்பதிவு செய்ய வேண்டும். அதைவிடச் சுலபம் தக்யூபின் என்ற கூரியர். ஹோட்டல் வரவேற்பில் சொன்னால் படிவம் தருவார்கள், பெட்டிக்கு ஏறக்குறைய 2,000 முதல் 3,000 யென், மறுநாள் அடுத்த ஊர் ஹோட்டலில் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு ராத்திரிக்குத் தேவையானது மட்டும் முதுகுப்பையில். இந்தப் பயணத்தில் செலவழித்ததிலேயே உருப்படியான காசு இதுதான்.

இனி சாப்பாடு. அத்தையை வைத்துக்கொண்டு நான் கற்றுக்கொண்டது: ஜப்பானில் "வெஜிடேரியன்" என்று சொன்னால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள், குழம்பு அதே குழம்புதான். தாஷி என்று ஒரு சாறு இருக்கிறது, பெரும்பாலும் காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்க வைத்தது. மிசோ சூப், உடோன் நூடுல்ஸ், சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வெறும் காய்கறி வேகவைத்தது என எல்லாவற்றிலும் அது உண்டு, நம் வீட்டில் பெருங்காயம் மாதிரி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது மீன் கணக்கிலேயே வராது. அதனால் "இறைச்சி, மீன், முட்டை, தாஷி சாப்பிட மாட்டோம்" என்று ஜப்பானிய மொழியில் போனில் எழுதி வைத்துக் காட்டுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் நான்கு சொல் போதும்: கியூ மாடு, புத்தா பன்றி, தோரி கோழி, சகானா மீன். ராமென் நூடுல்ஸ் என்றால் பெரும்பாலும் பன்றி எலும்புச் சாறு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவனுக்குச் சுழலும் பெல்ட் சுஷிக் கடை சொர்க்கம். குரா சுஷியில் காலித் தட்டு ஐந்தை ஓட்டைக்குள் போட்டால் திரையில் ஒரு விளையாட்டு வரும், ஜெயித்தால் பொம்மை. பொம்மைக்காகவே பதினைந்து தட்டு சாப்பிட்டான், அதில் ஆறு வெள்ளரிக்காய் ரோல். அத்தைக்கும் அங்கே கிடைத்தது அந்த வெள்ளரிக்காய் ரோல்தான். வெளியே நின்று சாப்பிட வறுத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிவப்புப் பயறுப் பூரணம் வைத்த மோச்சி இரண்டும் அவருக்குப் பிடித்தன. "கொழுக்கட்டையை வேகவைக்காம இழுத்து வெச்ச மாதிரி இருக்கு" என்றார். கியோட்டோவில் ஷோஜின் ரியோரி என்ற புத்த மடத்துச் சமையல் முழுச் சைவம், அராஷியாமாவில் தென்ரியூஜி கோவிலுக்குள்ளேயே ஷிகெட்சு என்று ஓர் உணவகம் இருக்கிறது, விலை அதிகம்தான், ஆனாலும் ஒரு வேளையாவது அவர் பயமில்லாமல் சாப்பிடட்டும் என்று போனோம்.

மற்றபடி எங்களைக் காப்பாற்றியது கொன்பினி, அதாவது செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் கடைகள். கியோட்டோவில் இரண்டாம் ராத்திரி, அத்தை ஒரு வாழைப்பழத்தோடு நாளைக் கடத்தியிருந்தார், எதிலும் மனசு ஒட்டவில்லை. கீழே போய் இரண்டு நிமிடத்தில் சூடாகும் சாத டப்பா இரண்டு, சர்க்கரை போடாத தயிர் ஒரு பெரிய டப்பா, உமேபோஷி ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். ஹோட்டல் நடைபாதையில் ஒரு மைக்ரோவேவ் இருந்தது. அந்த ஊர் அரிசி ஏற்கெனவே குழைவு, கரண்டிப் பின்பக்கத்தால் நாலு தேய்த்து, உப்பும் தயிரும் விட்டால் நம் வீட்டுத் தயிர்சாதம், தாளிப்பு மட்டும்தான் குறை. உமேபோஷி உப்பில் ஊறின புளிப்புப் பழம், சுருங்கிச் சிவந்து இருக்கும். ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஏம்மா, இது நம்ம உப்பு நார்த்தங்காயேதான்." அன்று இரண்டு டப்பாவும் காலி. மிச்ச நாள் முழுக்கத் தினமும் ஒரு வேளை அதுதான். வாங்கும்போது ஒன்று பாருங்கள், மீன் சீவல் கலந்த உமேபோஷியும், தேன் போட்ட இனிப்பு வகையும் பக்கத்திலேயே இருக்கும்.

இடங்களுக்கு நான் வைத்த விதி: ஒரு நாளைக்கு ஒரு பகுதி, மதியம் இரண்டு மணி நேரம் அறையில். அந்த விதியை மீறின நாள்களிலெல்லாம் யாராவது அழுதார்கள்.

அசகுசாவுக்குக் காலை எட்டு மணிக்குள் போங்கள். அங்கே இருக்கும் சென்சோஜி 628இல் தோன்றியதாகச் சொல்வார்கள், டோக்கியோவிலேயே பழமையான கோவில், ஆனால் இப்போது நிற்கும் பெரிய மண்டபம் 1945 குண்டுவீச்சில் எரிந்தபின் 1958இல் எழுப்பியது. பத்து மணிக்கு மேல் அங்கே தைப்பூசக் கூட்டம். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் மட்சுச்சியாமா ஷோதென் என்று ஒரு சின்னக் கோவில், யாரும் லிஸ்ட்டில் போடுவதில்லை. அங்கே இருப்பது கங்கிதென், நம் பிள்ளையார். சிலையை வெளியே காட்ட மாட்டார்கள். நைவேத்தியம் என்ன தெரியுமா, முள்ளங்கி! முழு முள்ளங்கியை வாங்கி முன்னால் வைத்துக் கும்பிடுகிறார்கள். எங்கே பார்த்தாலும் முள்ளங்கிச் சின்னம். அத்தை வாசலில் மூன்று தோப்புக்கரணம் போட்டார், பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டி ஒருவர் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் தலை குனிந்து வணங்கினார். படி ஏற முடியாதவர்களுக்குக் குட்டி ரயில் பெட்டி ஒன்றும் இருக்கிறது. உயேனோவில் ஷினோபசு குளத்து நடுவில் இருக்கும் பென்தென் கோவிலில் இருப்பது நம் சரஸ்வதி.

எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் ஆட்கள் கடக்கும் ஷிபுயா சாலைச் சந்திப்பை ஒரு முறை கடந்தால் போதும், மழை பெய்யும் சாயங்காலமாக இருந்தால் குடைகளோடு அழகு. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம், ஷின்ஜுகுவில் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆவது மாடி, 202 மீட்டர் உயரம், இலவசம். எனக்குப் பிடித்தது யனகா என்ற பழைய பகுதி. நிப்போரி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பழைய வீடுகள், பூனைகள், நம் கட்லெட் மாதிரி குறோக்கெட் பொரிக்கும் கடைகள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் மெதுவாக ஒரு பாட்டிசை வரும், பேரிடர் எச்சரிக்கைக்காக வைத்திருக்கும் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினமும் பார்ப்பதும் அதுதான், விளையாடும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரமும் அதுதான்.

கியோட்டோவில் பேருந்தை நம்பாதீர்கள். மூன்று பேருந்து நிரம்பி வழிந்து போனபின் தங்கக் கோவிலுக்கு ஏறினோம், அத்தைக்கு உட்கார இடமில்லை, முதலில் சொன்ன அந்தச் சண்டை அதனால்தான் வந்தது. 1950இல் ஓர் இளம் துறவி எரித்து, 1955இல் திரும்பக் கட்டின கோவில் அது, பார்க்க இருபது நிமிடம். திரும்பும்போது டாக்சி. சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான், ஐந்து பேர் என்றால் இரண்டு எடுக்க வேண்டும். கதவைத் தொடாதீர்கள், ஓட்டுநர் உள்ளிருந்தே திறந்து மூடுவார்.

ஃபுஷிமி இனாரி கோவிலுக்கு ரயிலிலேயே போங்கள், கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஆறரைக்குப் போனோம், ஆயிரக்கணக்கான சிவப்பு வளைவுகள், எங்களைத் தவிர நான்கைந்து பேர். ஏறும்போது வெறும் சிவப்புத்தான் தெரியும், திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தூணிலும் கறுப்பு எழுத்து. எல்லாம் கொடுத்தவர்கள் பெயரும் தேதியும். நம் ஊர்க் கோவில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு "உபயம்" எழுதுவோமே, அதேதான். உச்சி வரை ஏற வேண்டாம், பாதி வழியில் திரும்பலாம்.

நாராவுக்கு ஒரு அரை நாள். கின்தெட்சு ரயிலில் போனால் ஸ்டேஷன் மான்கள் திரியும் பூங்காவுக்குப் பக்கம், ஜேஆர் ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது. மான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள், உடனே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சட்டையைக் கடித்து இழுக்கும், சின்னவள் அழுதுவிட்டாள். அங்கே தோதாய்ஜி கோவிலின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி, நாம் சிலைக்குக் கண் திறப்பது மாதிரியேதான்.

ஒசாகாவுக்கு ஒரு ராத்திரி தாராளம். தோதோன்போரி கடைத்தெரு விளக்குகளைப் பாருங்கள், பிள்ளைகளுக்குத் தகோயாகி வாங்கிக் கொடுங்கள், உள்ளே ஆக்டோபஸ், வாய் வெந்துவிடும், ஆற வைத்துக் கொடுங்கள். எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடது பக்கம் நின்றவர்கள் இங்கே வலது பக்கம் நிற்பார்கள், முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் குறுக்கே நின்றுகொண்டிருந்தோம்.

கடைசி நாள் கார்டில் இருக்கும் மிச்சப் பணத்தைக் கொன்பினியில் செலவழித்துவிடுங்கள், சில்லறையை வாண்டுகளிடம் கொடுத்தால் பொம்மை மெஷினில் போட்டு முடித்துவிடுவார்கள். அத்தை மூன்று பாக்கெட் உமேபோஷி வாங்கினார். கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில், துணிக்கு நடுவில், இரண்டு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டி வையுங்கள்.